முயலுக்குக் கொத்தமல்லி, புதினா போடுவது எப்படி: கட்டைப் பிரிப்பதிலிருந்து மறுநாள் தட்டைப் பார்ப்பது வரை

எங்கள் வீட்டில் கொத்தமல்லிக் கட்டு வந்திருப்பது முதலில் எங்கள் முயல் மிளகுக்குத்தான் தெரியும். மூலையில் காலை நீட்டிப் படுத்திருப்பவன் மூக்கை வேகவேகமாக ஆட்டிக்கொண்டே எழுந்து, முன்னங்கால் இரண்டையும் கூண்டுக் கம்பியில் வைத்து நின்றுவிடுவான். ஒரு தண்டை நீட்டினால் அடியிலிருந்து கடிக்க ஆரம்பிப்பான். தண்டு ஊசிக்குள் நூல் போவது மாதிரி உள்ளே உள்ளே போகும், கடைசியில் இலை மட்டும் உதட்டோரம் ஒரு நொடி நிற்கும், அப்புறம் அதுவும் காணாமல் போகும். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். இன்னொரு தண்டு, இன்னொரு தண்டு என்று கை தானாகப் போவதும் அதனால்தான். தப்பு அங்கேதான் நடக்கிறது.

எனக்கும் நடந்தது. மிளகு (கறுப்பு), சுக்கு (மண் நிறம்) இரண்டையும் கொண்டுவந்த முதல் வாரத்திலேயே ஒரு சாயங்காலம் புதினா ஒரு கட்டு, சிறுகீரை அரைக் கட்டு, பக்கத்து வீட்டில் கொடுத்த முருங்கைக்கீரை ஒரு கை என்று மொத்தமாகப் போட்டேன். இரண்டும் ஒரு இலை விடாமல் தின்று தீர்த்தன. மறுநாள் காலை கூண்டின் அடித்தட்டில் உருண்டை உருண்டையாக இருக்க வேண்டிய புழுக்கை சேறு மாதிரி அப்பிக் கிடந்தது, சுக்குவின் பின்பக்க முடியெல்லாம் அதே. புதினாவும் கெட்டதில்லை, முருங்கையும் கெட்டதில்லை. ஒரே நாளில் மூன்று புது இலையை அவ்வளவு கொட்டியதுதான் கெட்டது. "முயல் என்ன என்ன கீரை சாப்பிடும்" என்று கேட்பவர்களிடம், எவ்வளவு, எந்த வேகத்தில், மறுநாள் தட்டில் என்ன பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்வது அந்த வாரத்துக்குப் பிறகுதான்.

ஆடு மாடு தின்கிறதே, முயலுக்கு என்ன என்று நினைப்போம். ஆட்டுக்குத் தின்றதைப் புளிக்கவைக்கும் பெரிய வயிறு முன்பக்கம் இருக்கிறது, அசைபோட்டு அசைபோட்டு அனுப்புகிறது. முயலுக்கு அந்த வேலை பின்பக்கம், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் இருக்கும் ஒரு பெரிய பையில் நடக்கிறது. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்துக்குப் பழகியவை. திடீரென்று தண்ணீரும் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகமாக வந்தால் நல்லவை குறைந்து கெட்டவை பெருகும், வாயு சேரும், குடல் அசைவு மந்தமாகும். அந்தப் பையில் புளித்தது திராட்சைக் கொத்து மாதிரி பளபளப்பான மென்மையான புழுக்கையாக வெளியே வரும். பெரும்பாலும் ராத்திரியிலும் விடிகாலையிலும் முயல் அதைக் குனிந்து நேராக வாயால் எடுத்து விழுங்கிவிடும். அருவருக்க வேண்டாம், அதில்தான் அதற்கு வேண்டிய பி வைட்டமின்களும் புரதமும் இருக்கின்றன. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முயலால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான ஒன்று உள்ளே போய்விட்டால் திரும்பி வர வழியில்லை.

எனவே முதல் விதி, கீரை சாப்பாடு இல்லை, தொடுகறி. சாப்பாடு என்பது புல். ஒரு நாளில் முயல் தின்பதில் 80 சதவீதத்துக்கு மேல் புல்லோ உலர்ந்த புல்லோ இருக்க வேண்டும், நாள் முழுக்கக் கூண்டில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வெட்டுப் பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்கின்றன, அவற்றையும் கடைவாய்ப் பற்களையும் தேய்த்துக்கொண்டிருப்பது அந்த நார்தான். கொத்தமல்லியை எத்தனை மென்றாலும் பல் தேயாது. டிமோத்தி புல் பொட்டலமாக வாங்கக் கிடைக்கிறது, ஆனால் விலை கையைக் கடிக்கும். கிராமத்துப் பக்கம் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, அருகம்புல்லும் கோ-4 மாதிரித் தீவனப்புல்லும் வெட்டி நிழலில் காயவைத்துக்கொள்ளலாம். வைக்கோல் படுக்கைக்குச் சரி, சாப்பாட்டுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம், அதில் சத்து மிகக் குறைவு.

அளவுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கப், அதாவது 250 மில்லி பிடிக்கும் டம்ளரில் அமுக்காமல் போட்டால் எவ்வளவு இலை நிற்குமோ அவ்வளவு. இது எல்லாக் கீரையும் சேர்ந்த மொத்தம், ஒவ்வொன்றிலும் ஒரு கப் இல்லை. கடையில் வாங்கும் கலப்பு முயல்கள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு கிலோதான் வரும், அவற்றுக்கு இரண்டு டம்ளரைத் தாண்ட வேண்டாம். நியூசிலாந்து வெள்ளை வைத்திருந்தால் அது 4, 5 கிலோ வரை போகும், அதற்கு ஏற்ற மாதிரி. இதைக் காலையில் பாதி, சாயங்காலம் பாதி என்று பிரித்துப் போட்டால் நல்லது. கேரட் வேண்டாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கிழங்கு இனிப்பு, கட்டைவிரல் நகம் அளவுத் துண்டு வாரத்துக்கு இரண்டு தடவை போதும். அதன் தழையைத்தான் தாராளமாகப் போட வேண்டும், அதைக் கடைக்காரர் கிள்ளி வீசிவிடுவார். கேட்டால் சும்மாவே கொடுப்பார்.

குட்டியாக இருந்தால் பொறுங்கள். கடையில் விற்பது பல நேரம் ஒரு மாதக் குட்டியாகத்தான் இருக்கும், அதற்குத் தாய்ப்பாலே இன்னும் தேவைப்படும் வயது. 12 வாரம் ஆகும் வரை புல்லும் உலர்தீவனமும் தண்ணீரும் போதும். அப்புறம் ஒரு இலையில் ஆரம்பியுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது? நான் கொத்தமல்லியில் ஆரம்பிக்கச் சொல்வேன். எந்தக் கடையிலும் கிடைக்கும், பெரும்பாலான முயல்களுக்கு ஒத்துக்கொள்ளும், மணத்துக்கு ஆசையாக வரும். முதல் நாள் இரண்டே தண்டு. வேறு புதிதாக எதுவும் கூடாது, பழக்கமான புல்லும் தீவனமும் அப்படியே இருக்கட்டும். மறுநாள் காலை தட்டைப் பாருங்கள். புழுக்கை காய்ந்த கொண்டைக்கடலை மாதிரி உருண்டையாக, ஒரே அளவாக, விரலால் நசுக்கினால் உள்ளே புல் தூளாக உதிர்ந்தால் எல்லாம் சரி. அன்றைக்கு நாலு தண்டு போடுங்கள். மூன்று நாலு நாள் தொந்தரவில்லாமல் போனால் அந்த இலை பாஸ். அடுத்த இலைக்குப் போகலாம். சேறாகவோ, ஒன்றோடொன்று ஒட்டியோ, வழக்கத்தைவிடச் சின்னதாகவோ வந்தால் அந்த இலையை நிறுத்திவிட்டு இரண்டு நாள் வெறும் புல். இப்படிப் போனால் ஒரு மாதத்தில் ஆறேழு இலை உங்கள் முயலுக்கு ஆகும், ஆகாது என்று தெரிந்துவிடும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், எனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைத்தது எதுவும் இருக்கவில்லை. மிளகுக்கு வெந்தயக்கீரை உயிர், சுக்குவுக்கு அதே வெந்தயக்கீரை போட்டால் மறுநாள் புழுக்கை இளகிவிடும். ஒரே கூண்டு, ஒரே கட்டு.

கொத்தமல்லிக்கு அடுத்தது புதினா. தண்டோடு போடலாம், ஆனால் மணம் தூக்கல் என்பதால் தனியாக ஒரு கட்டு போடாமல் மற்றதோடு கலந்து ஏழெட்டு இலை. துளசி வீட்டுத் தொட்டியிலேயே இருக்கும், நாலைந்து இலை கிள்ளிப் போட்டால் போதும். மாலையாகக் கட்டியதை அப்படியே போடாதீர்கள். ஒருநாள் பெருமாள் கோயிலில் கொடுத்த துளசியை மேசையில் வைத்திருந்தோம், மிளகு நூலோடு சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தான், வாயிலிருந்து அரை முழ நூலை உருவினேன். கறிவேப்பிலையை எங்கள் வீட்டில் இரண்டுமே முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். சதகுப்பைக்கீரை, முள்ளங்கி இலை, மலைப்பக்கம் இருப்பவர்களுக்கு பார்ஸ்லி, ரோஸ்மேரி எல்லாம் ஆகும்.

அருகம்புல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்தில் புல்லுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் பிள்ளையார் கோயில் வாசலை மறந்துவிடுகிறார்கள். பூக்கடையில் கட்டு கட்டாக இருக்கும். சங்கடஹர சதுர்த்தி அன்று வாங்காதீர்கள், விலையும் ஏறும், முதல் நாளே பறித்துத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருப்பார்கள். மற்ற நாளில் போய்ச் சொல்லிவைத்தால் புதிதாகக் கொண்டுவந்து தருவார்கள். எங்கள் பூக்கார அக்கா முதலில் தினமும் அர்ச்சனையா என்று கேட்டார். முயலுக்கு என்றதும் சிரித்துவிட்டு, அன்றிலிருந்து மாலை கட்டியதில் கழிந்த புல்லையும் சேர்த்தே தருகிறார்.

இனி அளவு பார்த்துப் போட வேண்டியவை. முருங்கைக்கீரை, அகத்தி, குதிரைமசால் (ஆல்ஃபால்ஃபா என்ற தீவனப்பயிர்) மூன்றிலும் சுண்ணாம்புச்சத்து அதிகம். நம் உடம்பு தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மலத்தில் தள்ளிவிடும். முயல் தின்பதில் உள்ள சுண்ணாம்பைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொண்டு, மிஞ்சியதைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுகிறது. அதனால் சிறுநீர் கொஞ்சம் கலங்கலாக, காய்ந்தால் வெள்ளைப்பொடி படிந்த மாதிரி இருப்பது சாதாரணம். பற்பசை மாதிரிக் கெட்டியாக வந்தாலோ, முக்கி முக்கிப் போனாலோ அது சாதாரணம் இல்லை, சிறுநீர்ப்பையில் மணல் சேர்கிறது என்று அர்த்தம். வளர்ந்த முயலுக்கு இந்த மூன்றும் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை, ஒரு கைப்பிடி. பண்ணைகளில் அகத்தியும் முள்முருங்கையும் வேலிமசாலும் தினமும் போடுகிறார்களே என்றால், அங்கே வளரும் குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்களுக்கும் புரதமும் சுண்ணாம்பும் நிறைய வேண்டும், அது வேறு கணக்கு. நம் வீட்டில் சோபாவுக்கு அடியில் தூங்கும் மூன்று வயதுக்காரனுக்கு அது வேண்டாம். முள்முருங்கையைச் சில ஊரில் கல்யாண முருங்கை என்பார்கள், பெயரைப் பார்த்து முருங்கை என்று நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பசலை, சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, பருப்புக்கீரை, பீட்ரூட் இலை இவற்றில் ஆக்சாலிக் அமிலம் அதிகம். ஒரு நாள் கலவையில் இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும், அதுவும் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த நாள் வேறு. என் வழக்கம் எப்போதும் மூன்று இலைக் கலவை, கொத்தமல்லி அல்லது கேரட் தழை அடித்தளம், மணத்துக்குப் புதினாவோ துளசியோ, மூன்றாவது இடத்தில் அன்றைக்கு வீட்டில் என்ன கீரை வாங்கினோமோ அது. சிவப்புத் தண்டுக்கீரையோ பீட்ரூட் இலையோ போட்ட மறுநாள் சிறுநீர் செம்மண் நிறத்தில் வந்தால் ரத்தம் என்று அலற வேண்டாம், இலையின் நிறமி அப்படி இறங்கும், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். போகாவிட்டால், அல்லது முயல் சோர்ந்திருந்தால், காட்டிவிடுங்கள்.

போடவே கூடாதவற்றில் வீட்டைச் சுற்றி இருப்பவை மட்டும் சொல்கிறேன். அரளி, எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, உன்னிச்செடி, செங்காந்தள், இவற்றில் ஒரு இலைகூட வேண்டாம். மணி பிளாண்ட் தொட்டியை முயல் எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். தக்காளிச் செடி, உருளைக்கிழங்குச் செடி இலைகள், வெங்காயத்தாள், பூண்டுத்தாள் எல்லாம் சமையலறைக் கழிவோடு சேர்ந்து கூண்டுக்குள் போய்விடும், கவனம். ஆட்டுக்குப் போடும் சவுண்டல் இலையில் மைமோசின் என்று ஒன்று இருக்கிறது, முயலுக்கு முடி கொட்டும். அப்புறம் குப்பைமேனி. வீட்டு வைத்தியத்தில் பெரிய பெயர், பூனை அதன் வேரைத் தேடிப் போய்ப் புரளும், பூனைவணங்கி என்றே பெயர் உண்டு. அதனால் எல்லாப் பிராணிக்கும் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள். முயலுக்கு அது நஞ்சு. தெருவோரம் கை நிறையப் பறிக்கும்போது கீரையோடு கீரையாக வந்துவிடும் என்பதால் பறித்ததை வெளிச்சத்தில் பரப்பி ஒவ்வொரு தண்டாகப் பார்க்காமல் போடுவதில்லை. சொல்லப்போனால் நகரத்தில் தெருவோரம் பறிக்காமல் இருப்பதே மேல், நாய் போயிருக்கும், களைக்கொல்லி அடித்திருப்பார்கள்.

கட்டை வாங்கி வந்ததும் முதல் வேலை கட்டைப் பிரிப்பது. ரப்பர் பேண்டோ வாழைநாரோ சணலோ, அதை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. பிரித்ததும் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். இறுக்கிக் கட்டிய ஈரக் கீரை மூட்டைக்குள் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுச் சூடாகும். நடுப்பகுதி வெதுவெதுப்பாக இருந்தால், வழவழப்பு இருந்தால், பழைய துணி வாடை வந்தால், அந்தப் பகுதி முயலுக்கு இல்லை. ஐப்பசி மழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியில் நன்றாக இருந்த கட்டைப் பிரித்துப் பார்க்காமல் அப்படியே கொடுத்தேன். சாயங்காலம் மிளகு புல்லைத் திரும்பிப் பார்க்கவில்லை, கூனிக்குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். ராத்திரி பத்து மணிக்குத் தட்டு காலி, ஒரு புழுக்கை இல்லை. ஞாயிறு ராத்திரி முயல் பார்க்கும் கால்நடை மருத்துவரைத் தேடி நான் பட்ட பாடு தனிக் கதை. பிழைத்துக்கொண்டான், மூன்று நாள் ஊசியும் சிரிஞ்சில் கரைத்த தீவனமும். கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, மழையில் எல்லாக் கட்டும் அப்படித்தான் வரும், விரலை விட்டுப் பார்த்திருக்க வேண்டியது நான்.

பிரித்ததை அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மண் அடியில் தங்கியதும் இலையை மட்டும் மேலாக அள்ளி எடுத்து, இப்படி மூன்று தண்ணீர். வேர் பக்கத்தில் மண் அதிகம் என்பதால் வேரை நறுக்கிவிடலாம், தண்டு வேண்டும். பிறகு வடிகூடையில் வைத்து, பழைய வேட்டித் துணியில் பரப்பி ஈரம் இழுக்கவிடுங்கள். லேசான ஈரத்தோடு கொடுப்பதில் தப்பில்லை, கோடையில் அது நல்லதும்கூட. சொட்டச் சொட்டக் கூண்டில் போட்டால்தான் படுக்கை நனைந்து புழுங்கி நாறும். மிச்சத்தைக் காய்ந்த துணியில் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். கொடுப்பதற்கு இருபது நிமிடம் முன்னால் வெளியே எடுத்து வையுங்கள். போட்டதில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் இலையை எடுத்துவிடுங்கள், மே மாதத்தில் ஒரு மணி நேரமே அதிகம்.

கோடை என்றதும் ஒன்று. 30 டிகிரிக்கு மேல் போனாலே முயல் திணற ஆரம்பிக்கும், எங்கள் மதுரை ஏப்ரலில் 38, 40. வெயில் நேரத்தில் அது சாப்பிடாது. கீரை போடுவதை விடிகாலைக்கும் பொழுது சாய்ந்த நேரத்துக்கும் மாற்றிக்கொள்ளுங்கள், சூட்டுக்கு இதம் என்று மத்தியானம் குவிக்க வேண்டாம். தண்ணீர் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 100 மில்லி அளவுக்குக் குடிக்கும், கோடையில் அதிகம், கீரை நிறையத் தின்ற அன்று கொஞ்சம் குறையும். மண்சட்டியில் வைத்தால் நன்றாகக் குடிக்கின்றன, கவிழ்க்க முடியாத கனமும் இருக்கிறது.

மாடியில் இடமிருந்தால் வளர்த்துவிடுவதே நிம்மதி, மருந்து அடித்ததா என்ற சந்தேகம் வேண்டாம். புதினா வாங்கும்போது முற்றிய தண்டு நாலைத் தண்ணீரில் போட்டு வையுங்கள், ஒரு வாரத்தில் வேர் விடும், தொட்டிக்கு மாற்றலாம். வெந்தயம் ஊறவைத்துத் தூவினால் மூன்று நாளில் முளை, மூன்று வாரத்தில் அறுக்கலாம். கொத்தமல்லிக்குத் தனியாவை உருட்டி இரண்டாக உடைத்துத் தூவ வேண்டும், முளைக்க ஒரு வாரம் பத்து நாள் எடுக்கும், 35, 40 நாளில் கைக்கு வரும். பொறுமை வேண்டும், வெயில் காலத்தில் சட்டென்று பூத்தும் விடும். பூத்தாலும் முயலுக்கு ஆகும். ஒரு தொட்டியை முழுதாக வெட்டாமல் இரண்டு வார இடைவெளியில் மூன்று தொட்டி விதைத்தால் வெங்காயம் மாதிரிக் கொத்தமல்லி விலை ஏறும் மாதங்களில் அம்மாவிடம் திட்டு வாங்காமல் தப்பிக்கலாம். "சட்னிக்கு இல்லை, அதுக்கு மட்டும் இருக்கா" என்பது எங்கள் வீட்டில் மாதம் ஒருமுறை கேட்கும் வசனம்.

சாப்பிடாமல், புழுக்கை போடாமல் 10, 12 மணி நேரம் ஆனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். உடனே மருத்துவர். பிடித்த கொத்தமல்லியை மூக்கருகே நீட்டியும் திரும்பிக்கொண்டால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் இருக்கும் நாய் மருந்து, மனித மருந்து எதையும் கொடுக்கக் கூடாது, நாம் சாதாரணமாக விழுங்கும் அமாக்சிசிலின் முயலின் வாய்வழி போனால் உயிருக்கே ஆபத்து. முயலை வாங்கிய வாரமே ஊரில் முயல் பார்க்கும் மருத்துவர் யார், ஞாயிறு யார் இருப்பார் என்று விசாரித்து எண்ணைக் குறித்து வையுங்கள்.

ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்பவரிடம் கீரைப் பட்டியல் எல்லாம் கொடுத்துக் குழப்ப வேண்டாம். புல், தண்ணீர், அவ்வளவுதான். நாலு நாள் கொத்தமல்லி இல்லாவிட்டால் எதுவும் ஆகாது. நான் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் சொல்லிவிட்டுப் போவேன், அவரும் சரி சரி என்பார். திரும்பி வந்து பார்த்தால் கூண்டோரம் கேரட் தோல் கிடக்கும். கேட்டால், "பாவம்டா, அப்படிப் பாக்குதுங்க" என்பார்.